விழுந்த பல்லும் ஒரு டம்ளர் பாலும்

அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாப் பிள்ளைகள் திடலில் கிரிக்கெட் ஆடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பத்து வயது மாணவன் ஒருவனின் வாயில் பந்து பட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மணலில் விழுந்தது. பிள்ளைகள் பல்லை எடுத்துக்கொண்டு, "ஹஜ்ரத், ஹஜ்ரத்" என்று அலறியபடி என்னிடம் ஓடிவந்தனர்.

நான் செய்தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். பல்லில் மண் ஒட்டியிருந்தது. குழாயடியில் சோப்புப் போட்டு, வேரைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளிச்சென்று கழுவினேன். பின்னர் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பையனின் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பஞ்சு வைத்து, வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் அவனுடைய அத்தாவுடன் பஸ் ஏறிப் பல் மருத்துவரிடம் சென்றோம். காகிதத்தைப் பிரித்துப் பார்த்த அந்த அம்மையார் கேட்ட கேள்விகள் இரண்டே: "இது வாயை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரமாகிறது? இதைத் தேய்த்துக் கழுவியது யார்?"

நான் தலைகுனிந்து நின்றேன். மத்ரஸாவுக்கு எதிரே பால் கடை. அன்று அங்கே ஒரு டம்ளர் பால் வாங்கி, பல்லை அதில் இட்டு, உடனே ஆட்டோ பிடித்திருந்தால் அந்தப் பல் பிழைத்திருக்க வழியுண்டு என்பதை அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார்.

அவன் குர்ஆன் மனனம் செய்துகொண்டிருந்த பிள்ளை. மூன்று புள்ளியிட்ட 'ஸா', புள்ளியிட்ட 'தால்', புள்ளியிட்ட 'ளா' ஆகிய மூன்று எழுத்துகளும் நாவின் நுனி மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறப்பவை. 'ஃபா' என்னும் எழுத்தோ அதே பற்களின் விளிம்பு கீழுதட்டைத் தொடும்போது பிறப்பது. தஜ்வீத் பாடத்தில் இதனை ஆண்டுதோறும் கற்பித்து வருபவன் நான். அந்த எழுத்துகள் அவன் வாயில் காற்றாய்ச் சிதறியபோதுதான், ஒரு பல்லின் விலை இன்னதென்று எனக்கு விளங்கியது. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

ஒரு மணி நேரக் கணக்கு

பல்லின் வேரைச் சுற்றி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நார்த்திசு ஒன்று உண்டு. பல்லைத் தாடையெலும்புடன் பிணைத்து வைப்பது அதுவே. பல் கழன்று விழும்போது அத்திசுவின் ஒரு பகுதி உயிரணுக்களுடன் வேரிலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றது. அவ்வுயிரணுக்கள் உயிரோடு இருக்கும்வரை, பல்லை மீண்டும் குழியில் பொருத்தினால் அது பற்றிக்கொள்ளும். காற்றில் உலர்ந்தால் அவை மடியத் தொடங்குகின்றன. அரை மணிக்குள் பொருத்துவது நன்று. 60 நிமிடம் உலர்ந்தே கிடந்துவிட்டால் அவை பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றே மருத்துவர்கள் கொள்கின்றனர். நான் சோப்பிட்டுத் தேய்த்தபோது போனது மண் மட்டுமன்று, அந்த உயிரணுக்களும்தான்.

நகரத்தில் இருப்போருக்கு ஒரு மணி நேரம் போதுமானது. நம் கொம்யூன்களில் நிலைமை வேறு. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பாகூரிலிருந்து அதைப்போல் இருமடங்கு. உள்ளடங்கிய சிற்றூர்களில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், மருத்துவர் முன் அமர்வதற்குள் ஒரு மணி நேரம் கடந்துவிடும். ஆகவே நம் ஊர்ப் பிள்ளையின் பல்லைக் காப்பது பெரும்பாலும் மருத்துவரின் கையில் இல்லை. அவ்விடத்தில் நிற்கும் தாயின் கையிலும் ஆசிரியரின் கையிலும்தான் இருக்கின்றது.

வேரோடு விழுந்த பல்

பதறாமல் பின்வருமாறு செய்க.

1. விழுந்தது பால் பல்லா, நிலைத்த பல்லா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் முன்பல் பெரும்பாலும் பால் பல்லே. பால் பல்லை மீண்டும் பொருத்தவே கூடாது; அடியில் வளரும் நிலைத்த பல்லுக்கு அது கேடு செய்யும். ஐயமிருந்தால் பொருத்தாமல், பாலில் இட்டு எடுத்துச் செல்க.

2. பல்லின் வெண்மையான மேற்பகுதியை மட்டுமே பிடிக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. சுரண்டவோ, துணியால் துடைக்கவோ கூடாது.

3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரிலோ மெல்ல அலசுக. இரண்டும் இல்லையெனில் குளிர்ந்த குழாய்நீரில் சில விநாடிகள் காட்டினால் போதும். சோப்பு, டெட்டால் போன்ற எதுவும் கூடாது.

4. நிலைத்த பல்லாயின், முன்பக்கம் முன்னாக இருக்கும்படி குழியில் மெல்ல வைத்து, சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்துக்கொள்ளச் செய்க. அந்நிலையிலேயே மருத்துவரிடம் விரைக.

5. பொருத்த இயலவில்லையா? பாலில் இடுக. காய்ச்சாத பாக்கெட் பால், குளிர்ந்ததாக இருந்தால் நன்று. நம் பகுதியில் பான்லே பால் கிடைக்காத தெரு அரிது. சூடான பாலோ, தயிரோ, மோரோ கூடாது. பால் கிடைக்கும்வரை, அடிபட்டவரின் உமிழ்நீரையே ஒரு கிண்ணத்தில் துப்பச் செய்து அதில் பல்லை வைக்கலாம். வெறும் தண்ணீர் சிறந்ததன்று. ஆயினும் பல்லை உலர விடுவதைக் காட்டிலும் அது மேல்.

மயக்கமுற்றவருக்கும், பல்லை விழுங்கிவிடக்கூடிய சிறு பிள்ளைக்கும், தாடை முறிந்திருக்குமோ என்று ஐயப்படும்படி அடிபட்டவருக்கும் வாயில் எதையும் பொருத்த முயலக் கூடாது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் பல்லை மறந்துவிட்டு முதலில் உயிரைக் காக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மண்ணில் விழுந்த காயமாதலால் டெட்டனஸ் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

மருத்துவர் பல்லைப் பொருத்திய பின், பக்கத்துப் பற்களுடன் மெல்லிய கம்பியால் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் கட்டி வைப்பார். வளர்ச்சி முற்றிய பல்லாயின் வேர்ச் சிகிச்சையும் தேவைப்படும்.

இந்தக் கம்பி கட்டும் முறை நமக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரையடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' எனும் 30 பாகங்கள் கொண்ட தம் பெருநூலில், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைத்துக் கட்டும் முறையைப் படத்துடன் விளக்கியுள்ளார். விழுந்த பல்லைத் திரும்பக் குழியில் வைத்துக் கட்டுவதையும் கூறியுள்ளார். பல்லைப் பிடுங்க அவசரப்படக் கூடாது, வலி ஓரிடத்திலும் நோய் வேறோரிடத்திலும் இருக்கக்கூடுமாதலால் நல்ல பல்லைப் பிடுங்கிவிட நேரும் என்று அவர் செய்த எச்சரிக்கை இன்றைய மருத்துவருக்கும் பொருந்துவது.

உடைந்த பல், ஆடும் பல்

பல்லின் முனை உடைந்தால் உடைந்த துண்டைத் தேடியெடுத்துப் பாலிலோ நீரிலோ இட்டு எடுத்துச் செல்க. பல சமயங்களில் அதையே ஒட்டிவிட முடியும். துண்டு கிடைக்கவில்லையெனில், அது உதட்டுக் காயத்துக்குள் புதைந்திருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடைந்த இடத்தில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே நரம்பு திறந்திருக்கிறது என்று பொருள். அன்றே சிகிச்சை தேவை. வெளியே கன்னத்தில், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை விட்டுவிட்டு ஒற்றி எடுத்தால் வீக்கமும் வலியும் குறையும். அடிபட்டு ஆடும் பல்லை நாவாலோ விரலாலோ அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நாக்கையோ உதட்டையோ கடித்துக்கொண்டு இரத்தம் வந்தால், சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துக. அதற்கும் நிற்காத இரத்தத்துக்குத் தையல் தேவைப்படலாம்.

நள்ளிரவுப் பல்வலி

வீடுகளில் அதிகம் நேர்வது இதுவே. இதமான வெந்நீர் ஒரு டம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும். பல்லிடுக்கில் இறைச்சி நாரோ பாக்குத் துணுக்கோ சிக்கியிருந்தால், பல்லிடுக்கு நூலால் மெல்ல எடுக்க வேண்டும். குண்டூசி, ஹேர்பின் ஆகியவற்றால் குத்தினால் ஈறு கிழிந்து சீழ் பிடிக்கும். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் தெறிக்கும் வலி சற்றுத் தணியும்.

வலிக்குப் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை, ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில் உட்கொள்ளலாம். கல்லீரல் நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உட்கொள்க. பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்க அளவே தரவேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. இப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் ஏற்றவையல்ல.

கிராம்புத் தைலத்தில் வலியை மரக்கச் செய்யும் பொருள் உண்டு. பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறில் வழிந்தால் புண்ணாக்கும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

செய்யக் கூடாதவை இவற்றினும் முக்கியமானவை. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் பக்கத்தில் அடக்கி வைத்தால் ஈறு வெந்துபோகும். புகையிலையை அடக்குவது வலியை மறக்கச் செய்வதுபோல் தோன்றி, நாளடைவில் வாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். வீங்கிய கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுப்பதும் நன்றன்று. கடையில் கேட்டு ஆண்ட்டிபயாடிக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் விழுங்கினால் நோயின் வேர் அப்படியே இருக்கும். பின்னர் அந்த மருந்தே பயனற்றுப் போகவும் கூடும்.

சந்தைகளில் 'பல் புழு எடுப்பவர்' என்று வருவோரை நம்புவோர் இன்றும் உளர். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் செய்து, விழுந்தவற்றைக் காட்டிப் புழு என்பார்கள். அவை சூட்டில் வெடித்த விதையின் துணுக்குகளேயன்றிப் புழுக்களல்ல. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த காலத்தில், 1728 ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் பியேர் ஃபோஷார் என்னும் பல் மருத்துவர் வெளியிட்ட நூலிலேயே, நுண்ணோக்கியால் பார்த்தும் தாம் அத்தகைய புழுவைக் காணவில்லை என்று எழுதிவிட்டார். பல்லை அரிப்பது புழுவன்று. இனிப்பை உண்டு வாழும் கிருமிகள் உண்டாக்கும் அமிலமே அரிக்கின்றது.

பிடுங்கிய பின் இரத்தம்

பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பின், இரவில் இரத்தம் கசிந்தால் அச்சம் மிகும். உமிழ்நீருடன் கலந்த சிறிது இரத்தம் பெருக்கெடுத்ததுபோல் தோன்றும். நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான காஸ் துணியை மடித்து நனைத்து, குழியின் மேல் வைத்து 30 நிமிடம் இறுகக் கடிக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. முதல் நாள் முழுதும் கொப்பளிப்பதும், காறித் துப்புவதும், உறிஞ்சுகுழலில் குடிப்பதும், புகைப்பதும் உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். ஒளுவின்போதும் வாயை வேகமாகக் கொப்பளிக்காமல், நீரை மெல்ல வாயிலிட்டு மெல்ல வழியவிடலாம். அழுத்தியும் நிற்காவிடில் மருத்துவமனைக்குச் செல்க. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது.

கொட்டாவி விடும்போது தாடை விலகி, வாய் மூடாமல் நின்றுவிடுவதும் உண்டு. கன்னத்தில் அறைந்து சரிசெய்ய முயல்வது கேடு. மோவாயைத் துணியால் தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

பல்வலியால் யாரும் இறப்பதில்லை என்று சொல்வார்கள். அது தவறு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாவுக்கடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழல் அடைபடும். 1836 ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே அந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் எந்த நேரமாயினும் புறப்பட வேண்டும்:

தாடைக்கடியிலோ கழுத்திலோ பரவும் வீக்கம், கண்ணை மூடும் அளவுக்கு முகவீக்கம், வாயைத் திறக்க இயலாமை, விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், மூச்சுத் திணறல், குரல் மாறுதல், வீக்கத்துடன் கடுங்காய்ச்சல். நீரிழிவு நோயாளிகளுக்குச் சீழ் விரைந்து பரவுமாதலால் அவர்கள் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல்லில் குறையேதும் தெரியாமல் கீழ்த்தாடையில் வலி தோன்றி, அத்துடன் மார்பழுத்தமோ, வியர்வையோ, இடக்கை வலியோ சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அங்கே கிராம்புத் தைலத்துக்கு வேலையில்லை.

இரவு நேரங்களில் ஜிப்மர், இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகியவற்றின் அவசரப் பிரிவுகளை நாடலாம். பகலில், 1990 இல் தொடங்கப்பட்ட அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் கோரிமேட்டில் உள்ளது. பாகூர்ப் பக்கத்தார்க்குக் கடலூர்ச் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில் இருக்கின்றது.

நம் வீடுகளில் உள்ள தயக்கங்கள்

"அழைத்துச் செல்ல ஆண்துணை இல்லை", "நோன்பு முடியட்டும்", "பெருநாள் கழியட்டும்" என்று நம் பெண்கள் வலியை விழுங்கிக்கொண்டு நாள் கடத்துவதை நான் அறிவேன். இன்று பல் மருத்துவத்தில் பெண் மருத்துவர்கள் நிறையவே உள்ளனர். அவ்வேளையில் பெண் மருத்துவர் இல்லையெனினும், நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற மார்க்கம் தடை செய்யவில்லை. கருவுற்ற சகோதரிகள், பிரசவம்வரை பல்லில் கைவைக்கக் கூடாது என்று எண்ண வேண்டாம். கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் கூறினால் அதற்கேற்பச் சிகிச்சை அளிப்பார்.

நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் வேறு நாட்களில் நோற்க அல்பகரா அத்தியாயத்தின் 185 ஆம் வசனம் அனுமதிக்கின்றது. முகம் வீங்கிக் காய்ச்சலில் துடிப்பவர் நோன்பின் பெயரால் மருந்தை மறுப்பது, இறைவன் தந்த சலுகையை மறுப்பதாகும். சிறு சிகிச்சைகளால் நோன்பு முறியுமா என்ற ஐயத்தைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன், சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்பதாலேயே விட்டேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் மேடைதோறும் சொல்கின்றோம். ஆனால் நம் பிள்ளைகளில் இரவில் பல் துலக்கிவிட்டு உறங்குவோர் எத்தனை பேர்? மேலே சொன்ன அவசரங்களில் பாதி, அந்த ஒரு வழக்கத்தால் நம் வாசலுக்கே வாராதவை.

ஒரு சிறு பெட்டி

இப்போது எங்கள் மத்ரஸாவின் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கின்றது. காஸ் துணி, பஞ்சு, சலைன் புட்டி ஒன்று, மூடியுள்ள சிறு டப்பா, பாரசிட்டமால், மருத்துவமனைகளின் தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை. இதற்கான செலவு ஒரு மீலாது விழாவின் தோரணச் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும், மத்ரஸாவும், பள்ளிக்கூடமும் இத்தகைய பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஷவ்வாலில் புதிய வகுப்பு தொடங்கும்போது, பல் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் சொல்லிவிடுகின்றேன். அவர்கள்தாமே திடலில் முதலில் ஓடிவருபவர்கள்!

அந்த மாணவன் செயற்கைப் பல்லை வைத்துக்கொண்டு, விடாமுயற்சியால் 'ஸா'வையும் 'தாலை'யும் திருத்திக்கொண்டான். குர்ஆனையும் நிறைவு செய்தான், அல்ஹம்துலில்லாஹ். அவன் ஓதக் கேட்கும்போதெல்லாம், எதிரே இருந்த பால் கடை என் நினைவுக்கு வருகின்றது. என் அறியாமையால் ஒரு பிள்ளை இழந்ததை, இதனைப் படிப்போரின் பிள்ளைகள் இழக்க வேண்டாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவையும் உடல்நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.